பழைய டிரம்ஸா, புதிய டிரம்ஸா?

தாம்பரத்திலிருந்து மறைமலை நகர் வரை ஜி.எஸ்.டி. சாலையின் இருபுறமும் அடுக்குமாடிகள் நெருங்கிவிட்டன. இனி வீட்டில் டிரம்ஸ் பழகுவதென்றால் எலக்ட்ரானிக் டிரம்ஸ்தான். ஹெட்போனை மாட்டிக்கொண்டால் இரவு பத்து மணிக்கும் வாசிக்கலாம். குழப்பம் வாங்கப் போகும்போதுதான் வருகிறது. கையிலிருக்கும் பணத்துக்குப் பெட்டி பிரிக்காத சின்ன கிட்டும் கிடைக்கும். பத்துப் பன்னிரண்டு வருடம் அடிபட்ட, ஒரு காலத்தில் உயர்ரகமாக இருந்த பெரிய கிட்டும் செகண்ட் ஹேண்டில் கிடைக்கும்.

பழசு என்றாலே மட்டம் என்று நம்மூர் வாசிப்பாளர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ரோலண்ட் கம்பெனியின் எஸ்பிடி-20 அதற்குச் சாட்சி. 1998-இல் வந்த, எட்டு ரப்பர் பேட் பதித்த ஒற்றைப் பலகை அது. உள்ளே 700 ஒலிகள், தபேலாவும் சேர்த்து. மெல்லிசைக் குழுவிலும் சர்ச்சிலும் 'ரிதம் பேட்' என்றால் பல காலம் அதுதான். 2010-இல் எஸ்பிடி-30 வந்த பிறகும் பலர் பழையதை விடவில்லை. எந்தப் பாட்டுக்கு எந்த எண் என்று விரல்களுக்கே பாடமாகியிருந்தது. பிற்பாடு ரோலண்டே எஸ்பிடி-20 ப்ரோ என்று அந்த எண்ணைத் திரும்பக் கொண்டுவந்தது.

முழு கிட்டின் கதை வேறு. அங்கே காதுக்கு முன்னால் மணிக்கட்டு பேசும். 1981-இல் பிரிட்டனில் வந்த சிம்மன்ஸ் எஸ்டிஎஸ்-5-இன் அறுகோண பேட்கள் பார்க்க அழகு. ஆனால் கல்லாக இருந்ததால் வாசித்தவர்களுக்குக் கைவலி. பிறகு ரப்பர் வந்தது. 1997-இல் ரோலண்ட், ரெமோ கம்பெனியுடன் சேர்ந்து டிடி-10 கிட்டில் வலைத்துணியாலான மெஷ் ஹெட்டைக் கொண்டுவந்தது. அதை இழுத்துக் கட்டலாம், குச்சி இயல்பாகத் துள்ளும், சத்தமும் குறைவு. அன்று விலை உயர்ந்த கிட்டில் மட்டும் இருந்த மெஷ் இன்று அலெசிஸ் நைட்ரோ போன்ற ஆரம்பநிலை கிட்டிலும் வந்துவிட்டது. ஆகவே ரப்பர் பேட் பழைய கிட்டை, எவ்வளவு மலிவாக வந்தாலும், தினமும் பழகுவதற்காக வாங்குவதில் அர்த்தமில்லை. மெஷ் பேட் பழைய கிட் என்றால் மேலே பேசலாம்.

அடுத்தது மாட்யூல், அதாவது ஒலி பிறக்கும் பெட்டி. பேடுக்குள் இருக்கும் பியெசோ வில்லை அடியின் அதிர்வை மின்துடிப்பாக்கும். மாட்யூல் அதன் வலிமையை அளந்து அதற்கேற்ற ஒலியைத் தரும். பழைய மாட்யூலில் நினைவகம் குறைவு. அதனால் ஸ்நேரில் ரோல் வாசித்தால் ஒரே ஒலி திரும்பத் திரும்ப வந்து இயந்திரத் துப்பாக்கி சுடுவதுபோல் கேட்கும். புதியவற்றில் ஒரே டிரம்முக்குப் பல பதிவுகள் உண்டு. புளூடூத்தும் பலவற்றில் உண்டு.

பழைய மாட்யூலின் இந்தக் குறை தீராததில்லை. மிடி என்ற இணைப்பு முறை 1983-இல் வந்தது, இன்றும் செல்லுபடியாகிறது. பழைய மாட்யூலை மிடி-யுஎஸ்பி கேபிளால் லேப்டாப்பில் சொருகி, ஈஸிடிரம்மர் போன்ற மென்பொருளிலிருந்து ஒலியை எடுத்துக்கொள்ளலாம். ஒலியை இப்படி வெளியிலிருந்து வாங்கிக்கொள்ள வழியுண்டு, பேடின் துள்ளலுக்கு அப்படி வழியில்லை. பழையதைப் பார்க்கப் போகிறவர் பேடில்தான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும்.

ஒவ்வொரு பேடையும் நடுவிலும் ஓரத்திலும் மெதுவாகத் தட்டிப் பார்க்க வேண்டும். சென்னையின் ஈரக் காற்றில் ஜாக்குகளில் களிம்பு பிடிக்கும், பேடுக்குள் இருக்கும் ஸ்பாஞ்ச் நைந்துபோகும். பியெசோ செத்திருந்தால் பயமில்லை. மின்சார ரயிலில் பார்க் ஸ்டேஷன் போய் இறங்கினால் ரிச்சி தெருவில் மலிவாக வில்லை வாங்கி, சால்டரிங் செய்துகொள்ளலாம். தொல்லை பிடித்தது ஹைஹாட்தான். அதன் பெடல் கெட்டால், வேறு கம்பெனியின் பெடல் பெரும்பாலும் ஒத்துப்போகாது. அடாப்டரிலும் கவனம் வேண்டும். ரோலண்டுக்கு நடுமுனை மைனஸ், யமஹாவுக்கு ப்ளஸ். மாற்றிச் சொருகினால் மாட்யூல் போய்விடலாம். ஜப்பானிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ வந்த கிட் என்றால் அடாப்டர் நம் 230 வோல்ட்டைத் தாங்குமா என்றும் பார்க்க வேண்டும்.

புதிதாகப் பழகும் பிள்ளைக்கு வாரண்டியோடு வரும் சின்ன மெஷ் கிட் போதும். சில வருடம் வாசித்து, லேப்டாப்பும் வைத்திருப்பவருக்குப் பழைய உயர்ரக கிட்தான் லாபம். சர்ச்சுக்கு வாங்குகிறவர்கள் பழைய பெரிய மாட்யூலைத் தைரியமாகப் பார்க்கலாம்: அவற்றில் பலவற்றில் கிக்குக்கும் ஸ்நேருக்கும் தனித்தனி அவுட்புட் உண்டு, மிக்சரில் உட்காருபவருக்கு வேலை எளிது. சின்ன புதிய கிட்களில் எல்லாம் கலந்து ஸ்டீரியோவாகத்தான் வரும்.

பழசோ புதுசோ, கிக் பெடலின் இடி தரைவழியாகக் கீழ்வீட்டுக்கு இறங்கும். ஹெட்போன் அதைத் தடுக்காது. இரண்டு பிளைவுட் பலகைகளுக்கு நடுவே டென்னிஸ் பந்துகளைப் பதித்து அதன்மேல் கிட்டை நிறுத்துவது உலகெங்கும் டிரம்மர்கள் செய்யும் வேலை. பலகையின் செலவையும் பட்ஜெட்டிலேயே சேர்த்துவிடுவது நல்லது.