ஆட்டோகேட் அப்கிரேட் செய்த பிறகு வரிசைகட்டும் அறிவிப்புகள்: எதை நிறுத்தலாம், எதைத் தொடவே கூடாது?

ஆட்டோகேட் புது வெர்ஷன் போட்ட மறுநாள் காலை ஷிஃப்ட். டிராயிங்கைத் திறந்தால் ஒரு ஜன்னல். ஒரு எழுத்து டைப் செய்தால் கீழே நீளமாக ஒரு பட்டியல். ஒரு கோட்டைத் தொட்டால் பக்கத்திலேயே ஒரு பெட்டி. பிரின்ட் கொடுத்தால் வலது மூலையில் ஒரு பலூன். "இதையெல்லாம் மொத்தமா ஆஃப் பண்ண வழியே இல்லையா?" என்று கேட்காத டிராஃப்ட்ஸ்மேன் இருக்க மாட்டார்.

வழி இருக்கு. ஆனால் 'மொத்தமா' ஆஃப் பண்ணக்கூடாது. ஏன் என்று பார்க்கலாம் வாங்க.

இருங்காட்டுக்கோட்டைக்கு இது ஏன் முக்கியம்?

1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை சான்ட்ரோ காரைத் தயாரிக்கத் தொடங்கியது. அதன் பிறகு ஸ்ரீபெரும்புதூர் முதல் ஒரகடம் வரை உதிரிபாக நிறுவனங்கள் பெருகின. டை, ஜிக், ஃபிக்ஸ்சர், கேஜ் செய்யும் சின்ன பட்டறைகளும் இதில் அடக்கம். இந்தப் பட்டறைகளுக்கு வேலை வருவதே டிராயிங்காகத்தான். அந்த டிராயிங் பெரும்பாலும் அவர்களுடைய சொத்து கிடையாது, வேலை கொடுத்த கம்பெனியின் சொத்து. அதில் ஒரு அளவு மாறினாலும் பிரச்னை, ஃபைல் வெளியே கசிந்தாலும் பிரச்னை. ஆட்டோகேட் கேட்கும் கேள்விகளில் சில இந்த இரண்டு ஆபத்துகளையும் தடுக்கவே வைக்கப்பட்டவை.

அப்கிரேட் செய்ததும் ஏன் இத்தனை வருது?

ஆட்டோகேடைத் தயாரிக்கும் ஆட்டோடெஸ்க் நிறுவனம், ஒருமுறை வாங்கினால் காலத்துக்கும் வைத்துக்கொள்ளும் நிரந்தர லைசென்ஸ் விற்பனையை 2016-ல் நிறுத்தியது. இப்போது எல்லாமே சந்தா. சந்தா இருந்தால் புது வெர்ஷனும் கிடைக்கும். முன்பு ஏழெட்டு வருஷம் ஒரே வெர்ஷனை ஓட்டியவர்கள் ஒரே தாவலில் புதியதற்கு வந்துவிடுகிறார்கள்.

ஒவ்வொரு வெர்ஷனும் தனித்தனியாக இன்ஸ்டால் ஆகும். பழையதில் நீங்கள் ஆஃப் செய்து வைத்த விஷயங்கள் புதியதில் மறுபடி ஆன் ஆகி நிற்கும். முதல்முறை திறக்கும்போது பழைய செட்டிங்கைக் கொண்டுவரட்டுமா என்று கேட்கும் 'மைக்ரேட்' ஜன்னலை அவசரத்தில் மூடிவிட்டால் இதுதான் நடக்கும். விண்டோஸ் ஸ்டார்ட் மெனுவில் ஆட்டோகேட் ஃபோல்டருக்குள் அந்த வசதி பிறகும் இருக்கும். அங்கிருந்தே கொண்டுவரலாம்.

தாராளமாக நிறுத்தக்கூடியவை எவை?

கீழே வரும் கட்டளைப் பெயர்களை ஆங்கில எழுத்தில், நடுவில் இடைவெளி விடாமல் கமாண்ட் லைனில் டைப் செய்யவும்.

கமாண்ட் பட்டியல்: டைப் செய்யும்போது தானாக விரியும் பட்டியல் இது. கமாண்ட் லைனில் ரைட் கிளிக் செய்து 'இன்புட் சர்ச் ஆப்ஷன்ஸ்' போங்க. ஆட்டோகம்ப்ளீட்டை எடுத்துவிடலாம். முழுக்க வேண்டாம் என்றால் பட்டியல் வரும் நேரத்தை மட்டும் தள்ளிப்போடலாம். வேகமாக டைப் செய்பவர்களுக்கு அதுவே போதும்.

கர்சருக்குப் பக்கத்தில் ஓடும் பெட்டி: இது டைனமிக் இன்புட். 'எஃப் 12' கீயைத் தட்டினால் போய்விடும், மறுபடி தட்டினால் வரும்.

கோட்டைத் தொட்டதும் வரும் பெட்டி: இது குவிக் ப்ராப்பர்ட்டீஸ். 'கன்ட்ரோல், ஷிஃப்ட், பி' மூன்றையும் சேர்த்து அழுத்தினால் நிற்கும். 'க்யூபிமோட்' என்று டைப் செய்து பூஜ்யம் கொடுத்தாலும் அதே பலன்தான்.

புது லேயர் பலூன்: டிராயிங்கில் நீங்கள் சரிபார்க்காத புது லேயர் வந்திருக்கு என்று சொல்லும் பலூன் இது. 'லேயர்நோட்டிஃபை' மதிப்பைப் பூஜ்யமாக்கினால் பலூன் வராது. ஆனால் கஸ்டமர் கொடுத்த லேயர் முறையைக் கண்டிப்பாகப் பின்பற்ற வேண்டிய இடத்தில் இது உதவும். அங்கே விட்டுவைப்பது நல்லது.

யோசித்து நிறுத்த வேண்டியவை எவை?

முதலாவது, ப்ராக்ஸி அறிவிப்பு. வேறொரு மென்பொருளில் வரைந்த பொருள் டிராயிங்கில் இருக்கு, அதைப் புரிந்துகொள்ளும் துணைப்பகுதி உங்கள் கணினியில் இல்லை என்பதுதான் இதற்கு அர்த்தம். 'ப்ராக்ஸிநோட்டீஸ்' என டைப் செய்து பூஜ்யம் கொடுத்தால் ஜன்னல் வராது. ஆனால் ப்ராக்ஸி பொருள் அப்படியேதான் இருக்கும், சாதாரணமாக எடிட் ஆகாது. அதனால் டிராயிங் அனுப்பியவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு நிறுத்துங்க.

இரண்டாவது, எழுத்துரு இல்லை என்ற எச்சரிக்கை. கட்டட வரைபடத்தில் எழுத்துரு மாறினால் அழகு மட்டும்தான் கெடும். மெஷின் பார்ட் டிராயிங்கில் அப்படி இல்லை. டாலரன்ஸ் குறியீடுகளே ஒரு எழுத்துருவிலிருந்துதான் வருகின்றன. 'இக்னோர்' அழுத்திவிட்டு வேலையைப் பார்த்தால், விட்டக் குறி இருந்த இடத்தில் கேள்விக்குறி நிற்கலாம், குறியீடு காணாமலும் போகலாம். அந்தத் தாள் அப்படியே மெஷின் ஷாப்புக்குப் போனால் நஷ்டம் இரும்பில்தான் தெரியும். அதனால் கஸ்டமரிடம் அந்த எழுத்துரு ஃபைலைக் கேட்டு வாங்கிப் போடுங்க. டிராயிங் அனுப்பும்போதே 'ஈ-டிரான்ஸ்மிட்' வழியாக அனுப்பச் சொன்னால், எழுத்துருக்களையும் இணைப்பு ஃபைல்களையும் சேர்த்தே கட்டி அனுப்ப முடியும்.

தொடவே கூடாதது எது?

ஒரு ஃபைலை ஏற்றும்போது "பாதுகாப்புப் பிரச்னை இருக்கலாம், ஏற்றட்டுமா?" என்று கேட்கும் ஜன்னல்தான் அது. பட்டறைகளில் பெரும்பாலும் லிஸ்ப் ஃபைல்களுக்கு வரும். பத்து க்ளிக் வேலையை ஒரே கட்டளையில் முடிக்க நம்மவர்கள் எழுதி வைத்திருக்கும் குட்டி புரோகிராம்கள்தான் லிஸ்ப். 'செக்யூர்லோட்' என டைப் செய்து பூஜ்யம் கொடுத்தால் ஜன்னல் வராது. யூடியூப் வீடியோக்களில் சொல்லித்தரும் வழியும் இதுதான். ஆனால் செய்யாதீங்க.

காரணம் ஒரு பழைய கதை. 2012 ஜூனில் ஈசெட் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் 'மெட்ரே' என்ற புழுவைப் பற்றி அறிவித்தது. அதிகம் பாதிக்கப்பட்டது தென் அமெரிக்க நாடான பெரு. டிராயிங் இருக்கும் ஃபோல்டருக்குள் ஒரு சின்ன ஃபைலாக அது உட்கார்ந்திருக்கும். யாராவது அந்த ஃபோல்டரை அப்படியே காப்பி செய்து கொடுத்தால் அதுவும் கூடவே போகும். அங்கே டிராயிங்கைத் திறந்தால் ஆட்டோகேட் அந்த ஃபைலையும் தானாகவே ஏற்றிக்கொள்ளும். அதன் பிறகு திறக்கும் ஒவ்வொரு டிராயிங்கும் சீனாவில் இருந்த மின்னஞ்சல் கணக்குகளுக்குப் போய்க்கொண்டிருந்தது. ஆயிரக்கணக்கான டிராயிங்குகள் இப்படிப் போயின.

ஃபோல்டரைப் பென் டிரைவில் போட்டு வாங்குவதுதானே நம் ஊர் பட்டறைகளிலும் வழக்கம்! இந்த மாதிரி ஃபைல்களைத் தடுக்கத்தான் ஆட்டோகேட் 2014-ல் 'செக்யூர்லோட்' வந்தது.

அப்போ நம்ம லிஸ்ப் ஃபைலுக்கு என்ன வழி?

ரொம்ப சுலபம். உங்கள் சொந்த லிஸ்ப் ஃபைல்களை மட்டும் ஒரே ஃபோல்டரில் போடுங்க. 'ஆப்ஷன்ஸ்' ஜன்னலில் 'ஃபைல்ஸ்' பகுதிக்குப் போய், 'ட்ரஸ்டட் லொகேஷன்ஸ்' பட்டியலில் அந்த ஃபோல்டரைச் சேருங்க. அந்த ஃபைல்களுக்கு இனி கேள்வி வராது, வெளியிலிருந்து வருவதற்கு மட்டும் வரும். அந்த ஃபோல்டரில் எழுதும் உரிமை ஒருவருக்கு மட்டும் இருந்தால் இன்னும் நல்லது. டவுன்லோட்ஸ் ஃபோல்டரையோ, எல்லாரும் பயன்படுத்தும் பொது டிரைவையோ இந்தப் பட்டியலில் சேர்க்கவே கூடாது.

'எக்ஸ்பர்ட்' என்ற கட்டளை பற்றி?

இதைப் போட்டால் தொல்லையே இருக்காது என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் மதிப்பை 2 அல்லது அதற்கு மேல் வைத்தால், "இந்தப் பெயரில் ஏற்கெனவே டிராயிங் இருக்கு, மேலே எழுதட்டுமா?", "இந்த பிளாக் ஏற்கெனவே இருக்கு, மாற்றட்டுமா?" போன்ற கேள்விகளும் நின்றுவிடும். பழைய ரிவிஷன் மேல் புது ரிவிஷன் சத்தமே இல்லாமல் உட்கார்ந்துவிடலாம். பூஜ்யத்திலேயே இருக்கட்டும்.

இதற்கு நேரெதிரான பிரச்னையும் உண்டு. ஓப்பன் கொடுத்தால் ஜன்னலே வராமல், கமாண்ட் லைனில் ஃபைல் பெயர் கேட்கும். ஏதோ ஒரு லிஸ்ப் பாதியில் நின்றுபோனதால் இப்படி ஆகியிருக்கும். 'ஃபைல்டயா' என டைப் செய்து 1 கொடுத்தால் பழையபடி ஜன்னல் வரும்.

தவறி நிறுத்திவிட்டால்?

'மறுபடி காட்டாதே' என்று டிக் செய்து மூடிய ஜன்னல்களைத் திரும்பக் கொண்டுவரலாம். 'ஆப்ஷன்ஸ்' ஜன்னலில் 'சிஸ்டம்' பகுதியில் 'ஹிடன் மெசேஜ் செட்டிங்ஸ்' என்று ஒரு பட்டன் இருக்கு. நீங்கள் மூடியவை எல்லாம் அங்கே வரிசையாக இருக்கும். ஆட்டோகேட் 2016 முதல் உள்ள 'சிஸ்வார்மானிட்டர்', கண்காணிக்கச் சொன்ன செட்டிங் மாறினால் சொல்லிவிடும்.

மூன்று ஷிஃப்டிலும் ஆள் மாறும் கணினியாக இருந்தால், சரியான அமைப்பை 'ஆப்ஷன்ஸ்' ஜன்னலின் 'ப்ரொஃபைல்ஸ்' பகுதியில் எக்ஸ்போர்ட் செய்து வைத்துக்கொள்ளுங்க. யார் மாற்றினாலும் ஒரு நிமிஷத்தில் பழைய நிலைக்குத் திரும்பலாம்.

லைசென்ஸ் சரியில்லை என்று வந்தால்?

அது செட்டிங் விஷயமே இல்லை. அதை மறைக்க வழி தேடாமல் உடனே நிர்வாகத்திடம் சொல்லுங்க. திருட்டுப் பிரதி என்று தெரிந்தே மென்பொருளைப் பயன்படுத்துவது 1957-ம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவின்படி குற்றம். 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க அந்தப் பிரிவில் இடம் இருக்கு. கணினி முன்னால் உட்கார்ந்திருப்பவர் நீங்கள்தான் என்பதை மறந்துவிட வேண்டாம்.

சுருக்கமாகச் சொன்னால், வரையும்போது கையைத் தட்டிவிடும் பெட்டிகளை நிறுத்துங்க. ஃபைலைத் திறக்கும்போதும், ஏற்றும்போதும், சேமிக்கும்போதும் வரும் கேள்விகளை ஒருமுறை படித்துவிட்டு அழுத்துங்க.