கொழுப்பு மாத்திரையை ஏன் நிறுத்தக்கூடாது?

"கொழுப்பின் அளவு சரியாகிவிட்டதே, இனி மாத்திரை எதற்கு?" என்று புறநோயாளிகள் பலர் எம்மிடம் வினவுகின்றனர். இதற்கான விடை கல்லீரல் செல்களின் மேற்பரப்பில் இருக்கிறது.

இரத்தத்தில் செல்லும் எல்.டி.எல். என்னும் கெட்ட கொழுப்பைப் பிடிப்பதற்கென, கல்லீரல் செல்களின் சவ்வில் ஏற்பிகள் என்னும் புரதங்கள் உள்ளன. கொழுப்புத் துகள் ஏற்பியில் ஒட்டியதும், அவ்விடத்தில் சவ்வு குழிந்து சிறு பையாகி, இரண்டையும் செல்லுக்குள் கொண்டுசெல்கிறது. உள்ளே துகள் சிதைக்கப்படுகிறது. ஏற்பியோ ஏறத்தாழ 10 நிமிடங்களில் சவ்விற்குத் திரும்பி, அடுத்த துகளைப் பிடிக்கிறது. இவ்வழியைக் கண்டறிந்த அமெரிக்க மருத்துவ அறிஞர்கள் மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்டுஸ்டீன் இருவரும் 1985ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றனர்.

தென்காசி வட்டாரக் குளங்களை எண்ணிப் பாருங்கள். குற்றால மலையில் மழை பொழிந்து நீர்வரத்து மிகும்போது, மடைகள் அடைபட்டிருந்தால் குளம் நிரம்பிக் கரைக்கு ஆபத்தாகும். இரத்தம் குளமென்றால், ஏற்பிகளே மடைகள். தன்னுள் கொழுப்பு போதுமான அளவு இருக்கும்போது, செல் ஏற்பிகளைக் குறைத்துக்கொள்கிறது. இரத்தத்தில் கொழுப்பு தேங்குகிறது. ஸ்டாடின் மாத்திரை, கல்லீரல் தானே கொழுப்பைத் தயாரிப்பதைக் குறைக்கிறது. பற்றாக்குறையை உணரும் செல் கூடுதலான ஏற்பிகளை உண்டாக்கி, இரத்தத்திலிருந்து கொழுப்பை எடுத்துக்கொள்கிறது. மாத்திரையை நிறுத்தினால் சில வாரங்களில் பழைய நிலை திரும்பிவிடும். ஆகவே, பரிசோதனையில் அளவு சரியாக இருப்பது மருந்து வேலை செய்வதன் அடையாளமேயன்றி, நோய் நீங்கியதன் அடையாளமன்று. சீசன் காலத்து அருவிக் குளியல் உடலுக்கு இதமளிக்கும், மாத்திரைக்கு மாற்றாகாது.

சில குடும்பங்களில் இந்த ஏற்பிகள் பிறவியிலேயே குறைபாடுடையவை. பெற்றோரில் ஒருவருக்கு இக்குறை இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வருவதற்குப் பாதி வாய்ப்பு உண்டு. நெருங்கிய உறவில் மணம் புரிந்தோரின் குழந்தைக்கு இருபுறமிருந்தும் குறை வந்து சேரக்கூடும். அத்தகைய குழந்தைகளுக்கு முழங்கை, முழங்கால், குதிகால் தசைநாண் ஆகிய இடங்களில் மஞ்சள் நிறத் தடிப்புகள் தோன்றலாம். இளம் வயதிலேயே மாரடைப்பும் நேரலாம்.

எனவே, குடும்பத்தில் எவருக்கேனும் இளவயதில் மாரடைப்பு வந்திருப்பின், பிள்ளைகளுக்கும் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். மாத்திரையால் தசைவலி ஏற்பட்டாலோ, கருத்தரிக்க எண்ணியிருந்தாலோ, கருவுற்றிருந்தாலோ உடனே மருத்துவரிடம் தெரிவியுங்கள். மருந்தை மாற்றவும் அளவைக் குறைக்கவும் வழிகள் உள்ளன. தாமாக நிறுத்திவிட வேண்டாம்.