வெப்ப நாட்டு இல்லமும் ஜெஃப்ரி பாவாவின் பாடமும்

இல்லத்தை மனிதனின் அமைதித் தலமாக அல்லாஹ் ஆக்கியுள்ளான் என்பதை ஸூரா அந்நஹ்ல் நமக்கு உணர்த்துகிறது. அந்த அமைதி சுவரால் மட்டும் கிட்டுவதன்று. நிழலும் காற்றும் சேர்ந்தே அதனைத் தருகின்றன.

அண்ணாமலை நகருக்கு வடகிழக்கே, வெள்ளாறு கடலோடு கலக்கும் பரங்கிப்பேட்டை முதலான கரையோர ஊர்களில், திண்ணையும் தாழ்வாரமும் நடுமுற்றமும் கொண்ட ஓட்டு வீடுகளை நம் முன்னோர் எழுப்பினர். ஆடவர் திண்ணையில் விருந்தினரை வரவேற்க, பெண்டிர் முற்றத்தில் வெளிப்பார்வை படாமல் வானத்தையும் காற்றையும் நுகர்ந்தனர். இன்று அவை இடிக்கப்பட்டு, வளைகுடா நகரங்களை நினைவூட்டும் கண்ணாடி மாளிகைகள் எழுகின்றன. முற்றம் மறைந்ததும் கோஷா பேணும் பெண்களுக்கு எஞ்சுவது குளிர்சாதனம் பொருத்திய மூடிய அறையே.

அரபு நாட்டுக் கட்டட அமைப்பே இஸ்லாமிய அமைப்பு என்னும் எண்ணம் இங்கே பிழையாகிறது. பாலை நிலத்தில் பகல் கொதிக்கும், இரவு குளிரும். எனவே பருத்த சுவர் பகல் வெப்பத்தை உள்வாங்கித் தடுத்து, இரவில் வெளியிடுகிறது. எகிப்தின் ஹஸன் ஃபத்ஹி மண்சுவர் வீடுகளைப் போற்றியது அந்நிலத்திற்கு முற்றிலும் பொருந்தும். நம் சோழமண்டலக் கரையிலோ இரவும் புழுக்கமே. காற்றில் ஈரம் மிகுந்திருப்பதால் வியர்வை எளிதில் உலர்வதில்லை. காற்று உடலைத் தழுவிச் சென்றால்தான் வெம்மை தணியும். ஆகவே இங்குத் தேவைப்படுபவை எதிரெதிர்ச் சாளரங்களும் ஆழ்ந்த இறவாரமுமே.

இவ்வுண்மையை நம் காலத்தில் செம்மையாக நிறுவியவர் இலங்கையின் ஜெஃப்ரி பாவா (1919–2003). முஸ்லிம் மரபில் வந்த வழக்கறிஞரின் மைந்தரான அவர், தாமும் சட்டம் பயின்று, பின்னர் 38ஆம் வயதில் கட்டடக் கலைஞராகத் தகுதி பெற்றார். இறக்குமதிக் கட்டுப்பாடுகள் நிலவிய அக்காலத்தில், உள்ளூர் ஓடும் கல்லும் மரமுமே அவருக்குக் கைகொடுத்தன. 1960களின் தொடக்கத்தில் கொழும்பில் எனா டி சில்வாவுக்கு அவர் அமைத்த வீடு, தெருவுக்கு முதுகு காட்டி, நடுமுற்றத்தை நோக்கி விரிந்திருந்தது. நெருக்கமான நகரத்திலும் தனிமையும் காற்றோட்டமும் ஒருங்கே கிட்டும் என்பதற்கு அது சான்று.

அதே நெறியை அவர் விடுதிகளுக்கும் விரித்தார். பெந்தோட்டையில் 1969இல் நிறைவுற்ற கடற்கரை விடுதி முற்றத்தைச் சூழ்ந்தது. தம்புள்ளைக்கு அருகே 1990களில் எழுந்த கண்டலம விடுதி மலைச்சரிவைத் தழுவி ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீள்கிறது. நடைகள் திறந்தவை, கொடிகள் முகப்பை மூடியுள்ளன. 2001இல் ஆகா கான் விருது அமைப்பு அவருக்குத் தலைவர் விருது வழங்கியது. 1980இல் அவ்விருதை முதலில் பெற்றவர் ஹஸன் ஃபத்ஹியே. இரு வேறு நிலங்கள், இரு வேறு விடைகள். இரண்டிலும் நிலத்திற்குப் பணிந்த அறிவு ஒன்றே.

நமக்கு அண்மையிலும் ஒரு சான்றுண்டு. புதுச்சேரியில் அன்டோனின் ரேமண்ட் வடிவமைத்து, 1937இல் பணி தொடங்கிய கோல்கொண்டே விடுதி கான்கிரீட்டால் ஆனது. எனினும் கண்ணாடிச் சாளரங்களுக்கு மாறாக, திருப்பக்கூடிய கிடைப்பலகைகள் வெயிலை மறைத்துக் காற்றை விடுகின்றன. ஆதலின் குற்றம் கான்கிரீட்டில் இல்லை. அதனைக் கையாளும் முறையிலேயே உள்ளது.

2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்த தானே புயல், ஓட்டுக்கூரையின் வலுவின்மையையும் காட்டியது என்பர். அது மெய்யே. பாவா நெளிதகட்டின் மேல் ஓடுகளைப் பதித்து மழைக்காப்பைப் பெற்றார். அவர் காலத்துக் கல்நார்த் தகடு தீங்கானதென்று அறிந்த நாம், வேறு தகடுகளைக் கொண்டு, கூரையைச் சுவரோடு இறுகப் பிணைக்கலாம். அதே புயலுக்குப் பின் இம்மாவட்டம் பல நாட்கள் மின்சாரமின்றித் தவித்ததையும் எண்ண வேண்டும். குளிர்சாதனத்தை மட்டுமே நம்பிய அறை அந்நாட்களில் உறைவிடமாக இருப்பதில்லை.

பழைய வீடுகளை அப்படியே மீட்டெடுக்க வேண்டுமென்பது நம் கருத்தன்று. சிறிய மனையிலும் பத்தடிச் சதுர முற்றம் இயலும். மேற்குச் சுவருக்கு மரநிழல் இயலும். வரைபடத்தை ஒப்புக்கொள்ளுமுன் பொறியாளரிடம், மின்சாரம் நின்ற நண்பகலில் இவ்வீட்டுப் பெண்கள் எங்கே அமர்வார்கள் என்று கேட்போமாக.