எக்ஸ்பைஸ்-17: மேசைக்கணினியில் உணரியை இணைத்தலும் பழுது காணலும்

எக்ஸ்பைஸ்-17 என்பது யுஎஸ்பி கம்பி வழியாகக் கணினியுடன் இணைத்து மின்னழுத்தம், வெப்பநிலை, ஒளி, காற்றழுத்தம் முதலியவற்றை அளக்க உதவும் சிறிய ஆய்வகக் கருவி ஆகும். புதுதில்லியிலுள்ள பல்கலைக்கழகங்களுக்கிடையேயான முடுக்கி மையம் 2004இல் தொடங்கிய பீனிக்ஸ் திட்டத்தின் வழியாக இது உருவானது. அத்திட்டத்தைத் தொடங்கியவர் அம்மையத்தின் அறிவியலாளர் பி. பி. அஜித்குமார். கருவியின் சுற்றுப்படமும் பைத்தான் மொழியில் எழுதப்பட்ட மென்பொருளும் எல்லோருக்கும் திறந்தவை. தனி மின்வழங்கி வேண்டியதில்லை. கணினியின் யுஎஸ்பி துளையே மின்சாரம் தருகிறது.

இத்தகைய கருவிகள் 'கணினியில் வரவில்லை' என்ற ஒரே காரணத்தால் பள்ளி பீரோவுக்குள் போய்விடுவதுண்டு. பெரும்பாலான நேரங்களில் கருவி கெட்டிருப்பதில்லை. கம்பி, அனுமதி, மென்பொருள், உணரி என்னும் நான்கில் ஏதோ ஒன்றில்தான் தடை இருக்கும். இந்த வரிசையிலேயே சோதித்து வந்தால் கருவியைத் திருப்பி அனுப்பும் தேவை அநேகமாக வராது.

இக்கட்டுரையில் எடுத்துக்காட்டாகக் கொள்வது ஏலக்காய் உலர்த்தும் அறையின் வெப்பநிலை. போடிநாயக்கனூரைச் சுற்றியுள்ள மாணவர்களுக்கு இது வீட்டுச் செய்தி. மலையில் பறித்த பச்சைக்காய் டிரையரில் ஏறத்தாழ 50 பாகை செல்சியசில் உலர்ந்த பிறகே போடியில் ஏலத்துக்கு வருகிறது. வெப்பம் மிகுந்தால் பச்சை நிறம் மங்கும். நிறம் மங்கினால் விலை இறங்கும். வெப்பம் போதாவிட்டால் ஈரம் தங்கிப் பூசணம் பிடிக்கும். ஆகவே ஐந்து பாகைப் பிழை என்பது இங்கே தேர்வுத்தாளில் போகும் அரை மதிப்பெண் அன்று.

முதலில் கம்பி

கைப்பேசி மின்னேற்றிகளுடன் வரும் சில கம்பிகளில் மின்சாரம் செல்லும் இரண்டு இழைகள் மட்டுமே உண்டு. தகவல் செல்லும் இரண்டு இழைகள் இருப்பதில்லை. அப்படிப்பட்ட கம்பியைச் செருகினால் கருவிக்கு மின்சாரம் கிடைக்கும், ஆனால் கருவி வந்திருப்பதே கணினிக்குத் தெரியாது. கருவியுடன் வந்த கம்பியையே பயன்படுத்துங்கள். மேசைக்கணினியின் முன்புறத் துளைகளைவிடப் பின்புறத் துளைகள் நல்லவை. அவை தாய்ப்பலகையிலேயே பொருத்தப்பட்டவை. யுஎஸ்பி 2.0 கம்பியின் நீளம் 5 மீட்டரைத் தாண்டக்கூடாது. டிரையர் தொலைவில் இருந்தால் யுஎஸ்பி கம்பியை நீட்டாமல் உணரியின் கம்பியை நீட்ட வேண்டும்.

அடுத்து, கணினி கருவியைக் காண்கிறதா என்று பாருங்கள். லினக்சில் டெர்மினலைத் திறந்து எல்-எஸ்-யு-எஸ்-பி என்ற ஐந்து எழுத்துகளையும் இடைவெளி விடாமல் சிறிய ஆங்கில எழுத்தில் தட்டினால் இணைந்துள்ள கருவிகளின் பட்டியல் வரும். அதில் மைக்ரோசிப் நிறுவனத்தின் எம்சிபி2200 என்ற வரி இருந்தால் கம்பியில் குறையில்லை. விண்டோசில் டிவைஸ் மேனேஜரில் 'போர்ட்ஸ்' என்ற தலைப்பின் கீழ் அது காம் எண்ணுடன் தெரியும். மஞ்சள் குறி இருந்தால் அந்தச் சில்லுக்குரிய இயக்கி மென்பொருள் இன்னும் நிறுவப்படவில்லை என்று பொருள்.

அனுமதியும் மென்பொருளும்

டெபியன், உபுண்டு ஆகிய இயங்குதளங்களின் களஞ்சியத்திலேயே 'ஐஸ்17' என்ற பெயரில் மென்பொருள் கிடைக்கிறது. வேறு வழியில் நிறுவியவர்களுக்குத்தான் தொல்லை வரும்: பட்டியலில் கருவி தெரியும், மென்பொருளோ 'கருவி இல்லை' என்று சொல்லும். தொடர் துளைகளைத் திறக்க லினக்ஸ் எல்லாப் பயனர்களுக்கும் உரிமை தருவதில்லை. பயனரை 'டயல்அவுட்' குழுவில் சேர்த்து, வெளியேறி மீண்டும் உள்நுழைய வேண்டும். வெளியேறாமல் 'சேர்த்தும் வேலை செய்யவில்லையே' என்பவர்கள் பலர். முன்பு திறந்த அதே மென்பொருள் பின்னணியில் மூடப்படாமல் இருந்தாலும் இதே செய்திதான் வரும். ஒரு துளையை ஒரு நேரத்தில் ஒரு நிரல் மட்டுமே பிடித்திருக்க முடியும்.

எக்ஸ்பைசுக்குப் பதிலாக மலிவான ஆர்டுயினோ பலகை வைத்திருப்போர் இன்னொன்றையும் அறிய வேண்டும். சிஎச்340 சில்லு உள்ள பலகையைச் செருகியதும் துளை தோன்றி உடனே மறைந்துவிடுவது உபுண்டு 22.04இல் பலர் கண்ட சிக்கல். பார்வையற்றோர் பயன்படுத்தும் பிரெய்ல் காட்சிக் கருவிக்கான நிரல், அந்தப் பலகையைத் தன் கருவி என்று எண்ணிப் பிடித்துக்கொள்வதே காரணம். அந்நிரலை நீக்கினால் பலகை வேலை செய்யும். ஆனால் அந்தக் கணினியைப் பார்வையற்ற மாணவர் எவரும் பயன்படுத்துகிறாரா என்று கேட்டறிந்த பிறகே நீக்குங்கள்.

உணரியை இணைக்கும் முன்

ஒரு துண்டுக் கம்பியால் பிவி1 முனையை ஏ1 முனையுடன் இணையுங்கள். மென்பொருளில் பிவி1க்கு 2 வோல்ட் கொடுத்தால் ஏ1 அதையே காட்ட வேண்டும். காட்டினால் கருவி, கம்பி, மென்பொருள் மூன்றும் சரி. இனி வரும் எந்தக் குறையும் உணரியினுடையது. இந்தச் சோதனைக்கு அரை நிமிடம் போதும்.

வெப்பநிலைக்கு எல்எம்35 என்னும் மூன்றுகால் உணரி எளியது. ஒவ்வொரு பாகைக்கும் 10 மில்லிவோல்ட் தரும். 50 பாகையில் அரை வோல்ட். தட்டையான முகம் நம்மை நோக்கியிருக்க, கால்கள் கீழே இருந்தால், இடது கால் மின்வழங்கல், நடுக்கால் வெளியீடு, வலது கால் தரை. மின்வழங்கல் காலை 5 வோல்ட் வைத்த பிவி1உடனும், நடுக்காலை ஏ1உடனும் இணைக்க வேண்டும். இடம் வலம் மாற்றி இணைத்தால் உணரி சூடாகிக் கெட்டுப்போகும். தொட்டுப் பார்த்துச் சுட்டால் உடனே யுஎஸ்பி கம்பியைப் பிடுங்குங்கள்.

இணைப்பு சரியாக இருந்தும் அளவு கிட்டத்தட்ட ஒரு பாகை வீதம் துள்ளித் துள்ளி மாறினால் உணரியைக் குறை சொல்ல வேண்டாம். ஏ1 முனையின் முழு வீச்சு −16 முதல் +16 வோல்ட் வரை. 12 பிட் அளவி இந்த 32 வோல்ட்டை 4096 படிகளாகப் பிரிக்கும். ஒரு படி ஏறத்தாழ 8 மில்லிவோல்ட், அதாவது 0.8 பாகை. வீச்சை 1 வோல்ட் என மாற்றினால் ஒரு படி அரை மில்லிவோல்ட்டாகச் சுருங்கும். பாகைக் கணக்கில் 0.05. நிறுவும்போது பலரும் கவனியாமல் விடும் அமைப்பு இதுவே.

அளவு நடுங்கினால் அலைக்காட்டிப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். 20 மில்லிநொடிக்கு ஒருமுறை திரும்பும் அலை தெரிந்தால் அது வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ். சுவர்ப் பிளக்கில் எர்த் இணைப்பு இல்லாத கணினிகளில் இது மிகுதி. பெட்டியைத் தொட்டால் விரலில் சுருக்கென்று ஏறுவதும் இதனால்தான். எர்த்தைச் சரிசெய்வது உணரிக்காக மட்டுமன்று, பிள்ளைகளின் பாதுகாப்புக்காகவும் அவசியம். நீண்ட கம்பியில் எல்எம்35 தானே அலையத் தொடங்குவதும் உண்டு. நடுக்காலின் அருகிலேயே 2 கிலோ ஓம் மின்தடையைத் தொடராக வைத்தால் அடங்கும்.

கொதிநீர்ச் சோதனை

திரையில் எண் வந்துவிட்டால் அது உண்மை என்று ஆகிவிடாது. தெரிந்த ஒரு வெப்பநிலையில் ஒப்பிட வேண்டும். பனிக்கட்டி இங்கே உதவாது. ஒற்றை மின்வழங்கலில் எல்எம்35 சுமார் 2 பாகைக்குக் கீழே சரியாகக் காட்டாது. எனவே கொதிநீர். உணரியை மெல்லிய சோதனைக்குழாயில் இட்டு, நீர் படாமல் இறக்குங்கள்.

பாடநூலில் உள்ள 100 பாகை கடல் மட்டத்துக்குரியது. உயரம் 300 மீட்டர் கூடினால் கொதிநிலை ஏறத்தாழ ஒரு பாகை குறையும். போடி நகரம் சுமார் 350 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே 99க்குச் சற்றுக் கீழே கொதிக்கும். சுமார் 1,400 மீட்டர் உயரத்திலுள்ள போடிமெட்டில் 95 பாகை அளவிலேயே கொதித்துவிடும். மலைமேல் கணினி வைத்துள்ள மாணவர் 95 என்று கண்டதும் 'ஐந்து குறைகிறது' என்று மென்பொருளில் ஐந்தைக் கூட்டினால், சரியாக இருந்த உணரியைக் கெடுத்தவர் ஆவார். அதன்பின் டிரையரின் உண்மையான 50 பாகை திரையில் 55 ஆகத் தெரியும். தோட்டக்காரர் அதை நம்பித் தீயைக் குறைத்தால் காய் உலராது.

இதை உறுதிசெய்ய பிஎம்பி180 என்னும் காற்றழுத்த உணரியை எக்ஸ்பைசின் ஐ2சி துளையில் இணைக்கலாம். போடியில் சுமார் 970 ஹெக்டோபாஸ்கல் காட்டும் அது, போடிமெட்டில் 860க்கு அருகில் காட்டும். மேசைக்கணினியை மலைக்குத் தூக்கிச் செல்ல முடியாது என்பவர்கள் ஓடிஜி கம்பியால் கருவியை ஆண்ட்ராய்டு கைப்பேசியில் செருகலாம். அதற்கான செயலியும் உண்டு. இரண்டு இடங்களிலும் எடுத்த அழுத்தத்தையும் கொதிநிலையையும் ஒரே அட்டவணையில், உயரத்துடன் சேர்த்துக் குறித்துவையுங்கள்.