'வீண்' என்கிற சொல்: மூன்றாவது ஓட்டின் கணக்கு

தேர்தல் நெருங்கினால் நம் நண்பர்கள் கூடுமிடங்களில் ஒரு சண்டை தவறாமல் வந்துவிடுகிறது. 'ஜெயிக்கப்போறது ரெண்டு பேர்ல ஒருத்தன். மூணாவது ஆளுக்குப் போட்டா ஓட்டு வீணாப் போயிரும்' என்பார் ஒருவர். 'ரெண்டும் ஒரே குட்டையில ஊறின மட்டை. அதுல எந்த மட்டைக்குப் போடச் சொல்றீங்க?' என்பார் இன்னொருவர். முதலாமவருக்கு இரண்டாமவர் பொறுப்பற்றவர். இரண்டாமவருக்கு முதலாமவர் விலைபோனவர். டீ ஆறிப்போகும், சண்டை முடியாது. ஆனால் இருவருமே 'வீண்' என்கிற அந்தச் சொல்லை விசாரிப்பதில்லை. எதற்கு வீண்? யாருக்கு வீண்? எத்தனை நாள் கழித்துப் பார்த்தால் வீண்?

இதை விசாரிக்க அமெரிக்காவை எடுத்துக்கொள்கிறேன். இரண்டு கட்சிகளின் ஆட்சி அங்கேதான் மிக இறுக்கமாக நிலைத்திருக்கிறது. மூன்றாவது ஓட்டின் விளைவுகளை நூற்றெழுபது எண்பது ஆண்டுகளுக்குப் பின்தொடர்ந்து பார்க்கவும் அங்கே முடிகிறது.

முதலில் எந்திரம் எப்படி ஓடுகிறது என்று பார்த்துவிடலாம். ஒரு தொகுதியில் யாருக்கு அதிக ஓட்டோ அவருக்கே இடம்; பாதிக்கு மேல் வாங்கவேண்டும் என்பதில்லை. இந்த முறை இருக்கும் இடத்தில் இரண்டு கட்சிகளே தங்கும் என்று பிரெஞ்சு அறிஞர் மொரீஸ் துவெர்ஜே 1951இல் எழுதினார். சிதறிக் கிடக்கும் சிறு கட்சியின் ஓட்டு இடமாக மாறுவதில்லை என்பது ஒரு காரணம். அதைப் பார்த்துவிட்ட வாக்காளர் அடுத்த முறை, பிடித்தவரை விட்டு, குறைவாக வெறுக்கிறவருக்குப் போடத் தொடங்குகிறார் என்பது இன்னொன்று. அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலில் இது இன்னும் கடுமை. பெரும்பாலான மாநிலங்களில் ஒரு ஓட்டு கூடுதலாக வாங்கியவருக்கு அந்த மாநிலத்தின் தேர்வாளர்கள் முழுவதும் போய்ச் சேருகிறார்கள். ஆக 'வீண்' என்பது வெறும் மிரட்டலல்ல, கணக்கிலும் அதற்கு ஆதாரம் உண்டு. இதை ஒத்துக்கொள்ளாமல் மேலே பேசுவது நேர்மையாகாது.

1844: குற்றச்சாட்டு

1840இல் அடிமைமுறை ஒழிப்பாளர்களில் ஒரு பகுதியினர் லிபர்ட்டி கட்சி என்று ஒன்றைத் தொடங்கினார்கள். அன்றைய இரு பெரிய கட்சிகளான விக், டெமாக்ரடிக் இரண்டுமே தென்மாநில அடிமை முதலாளிகளைப் பகைத்துக்கொள்ளத் தயாராக இல்லை. லிபர்ட்டி கட்சியின் வேட்பாளர் ஜேம்ஸ் பர்னி, ஒருகாலத்தில் தானே அடிமைகளை வைத்திருந்து பிறகு விடுவித்தவர். 1840இல் அவருக்கு நாடு முழுவதும் சுமார் 7,000 ஓட்டு. 1844இல் சுமார் 62,000.

அந்த 62,000இல் நியூயார்க் மாநிலத்து ஓட்டு 15,812. அங்கே டெமாக்ரடிக் வேட்பாளர் ஜேம்ஸ் போல்க், விக் வேட்பாளர் ஹென்றி கிளேயை 5,106 ஓட்டில் வென்றார். நியூயார்க்கின் 36 தேர்வாளர்கள் கிளே பக்கம் போயிருந்தால் ஜனாதிபதி கிளேதான். போல்க், டெக்சாசைச் சேர்த்துக்கொள்வேன் என்று சொல்லி நின்றவர். அவர் பதவியேற்கும் முன்பே, அவருடைய வெற்றியை மக்கள் தீர்ப்பாகக் காட்டி, இணைப்புத் தீர்மானம் நிறைவேறியது. 1845 முடிவதற்குள் டெக்சாஸ் அடிமை மாநிலமாக உள்ளே வந்தது. 1846இல் மெக்சிகோவுடன் போர். அடிமைமுறையை எதிர்த்துப் போட்ட ஓட்டு, அடிமைமுறையின் எல்லையை விரிக்க உதவிவிட்டது என்று விக் கட்சிக்காரர்கள் குமுறினார்கள். குமுறியவர்களில் இல்லினாய் மாநிலத்து வக்கீல் ஒருவரும் உண்டு. 1845இல் ஒரு கடிதத்தில் இதே கணக்கைப் போட்டுக் காட்டியிருக்கிறார். பெயர் ஆபிரகாம் லிங்கன்.

இந்த இடத்தில் ஒன்றைக் கவனிக்கவேண்டும். 'குறைந்த தீமை' என்று முன்வைக்கப்பட்ட கிளேயும் அடிமைகளை வைத்திருந்தவர்தான். டெக்சாஸ் விஷயத்தில் முதலில் எதிர்த்துப் பேசி, தென்மாநில ஓட்டுக்காகப் பின்னால் கடிதங்களில் இழுத்தடித்தவர். ஒழிப்பாளர்களின் ஓட்டு தனக்கு எப்படியும் வந்துவிடும் என்று அவர் நினைத்திருந்தால், அதற்கு 'வீணாக்காதே' என்கிற சொல்லாடலைத் தவிர வேறு ஆதாரம் இல்லை. வேறு போக்கிடமில்லாத ஓட்டை யாரும் பேரம் பேசி வாங்குவதில்லை.

1849: இரண்டு பேர்

லிபர்ட்டி கட்சியின் பெரும்பகுதி 1848இல் ஃப்ரீ சாயில் கட்சியாக மாறியது. அதன் ஜனாதிபதி வேட்பாளருக்குச் சுமார் 10 சதவீதம் ஓட்டு. தேர்வாளர் ஒருவர்கூட இல்லை. 'வீண்' பேசுகிறவர் இங்கே கணக்கை மூடிவிடுவார். ஆனால் ஓஹியோ மாநிலச் சட்டசபையில் வேறொன்று நடந்தது. இரண்டு பெரிய கட்சிகளும் ஏறக்குறையச் சமபலத்தில் நிற்க, நடுவில் ஃப்ரீ சாயில்காரர்கள் ஒரு கைப்பிடி. அதிலும் எந்தப் பக்கமும் கட்டுப்படாமல் நின்றவர்கள் இரண்டே பேர். 1849இல் அவர்கள் டெமாக்ரடிக் கட்சியோடு பேரம் பேசினார்கள். சபையின் அதிகாரம் உங்களுக்கு. பதிலாக எங்கள் ஆளான சால்மன் சேஸ் செனட்டுக்குப் போகவேண்டும், கறுப்பர் சட்டங்கள் நீங்கவேண்டும்.

அந்தச் சட்டங்களின்படி ஓஹியோவில் குடியேறும் கறுப்பர் 500 டாலர் ஜாமீன் காட்டவேண்டும். வெள்ளையர் சம்பந்தப்பட்ட வழக்கில் சாட்சி சொல்ல முடியாது. கண்ணெதிரே தன் பிள்ளையை ஒரு வெள்ளையன் அடித்துக் கொன்றாலும் தாயின் வார்த்தை நீதிமன்றத்தில் வார்த்தையே ஆகாது. இவற்றில் பெரும்பகுதி நீக்கப்பட்டது. ஓட்டுரிமை கிடைக்கவில்லை என்பதையும் சொல்லிவிடவேண்டும். ஆனாலும் கூண்டில் ஏறிச் சாட்சி சொல்லக் கிடைத்த உரிமையை 'வீண்' என்று யார் சொல்வது?

சேஸ் பின்னர் லிங்கனின் நிதியமைச்சரானார், 1864இல் தலைமை நீதிபதியானார். லிங்கனும், 1845இல் மூன்றாவது ஓட்டைத் திட்டியவர், 1860இல் ஜனாதிபதியானது விக் கட்சியின் சார்பில் அல்ல. அந்தக் கட்சி செத்துப்போயிருந்தது. லிபர்ட்டி, ஃப்ரீ சாயில் ஓட்டுகள் வந்து கலந்த ரிபப்ளிகன் கட்சியின் சார்பில், நான்குமுனைப் போட்டியில் 40 சதவீதத்துக்கும் குறைவான ஓட்டில்.

1912: பயனுள்ள ஓட்டு

மறுபக்கத்தையும் பார்க்கவேண்டும். கறுப்பின அறிஞர் டபிள்யு. இ. பி. டு பாய்ஸ் 1911இல் சோஷலிஸ்ட் கட்சியில் சேர்ந்தார். அடுத்த ஆண்டே அதிலிருந்து விலகி, ஜெயிக்கக்கூடிய டெமாக்ரடிக் வேட்பாளர் உட்ரோ வில்சனை ஆதரித்தார். நியாயமான கணக்குதான், வில்சன் கறுப்பர்களிடம் நியாயமாக நடந்துகொள்வதாக வாக்களித்திருந்தார். ஜெயித்த வில்சனின் நிர்வாகம் 1913இலேயே மத்திய அரசு அலுவலகங்களில் கறுப்பு ஊழியர்களைத் தனியே ஒதுக்கத் தொடங்கியது. அந்தத் தேர்தலில் சோஷலிஸ்ட் வேட்பாளர் யூஜின் டெப்ஸுக்கு 9 லட்சம் ஓட்டு, 6 சதவீதம், இடம் பூஜ்யம். எந்த ஓட்டு வீண், டெப்ஸுக்கு விழுந்ததா, வில்சனுக்கு விழுந்ததா? 1956இல் டு பாய்ஸ் தன் வாக்குக் கணக்கு முழுவதையும் திரும்பிப் பார்த்து, தான் இந்த முறை ஓட்டே போடப்போவதில்லை என்று கட்டுரை எழுதினார். கட்சி ஒன்றுதான், பெயர்தான் இரண்டு என்பது அவர் வந்து சேர்ந்த முடிவு.

2000: கை மாறாத ஓட்டு

இத்தனையும் சொன்னபின் மூன்றாவது ஓட்டு எப்போதுமே புனிதமானது என்று முடித்துவிட்டால் அதுவும் ஏமாற்றுதான். 2000இல் ஃப்ளோரிடாவில் புஷ்ஷுக்கும் கோருக்கும் வித்தியாசம் 537. பசுமைக் கட்சியின் ரால்ஃப் நேடருக்கு விழுந்தது 97,488. அவர்கள் எல்லோரும் கோருக்குப் போட்டிருக்கமாட்டார்கள், பலர் வீட்டிலேயே இருந்திருப்பார்கள், சரி. தண்டனை முடிந்து வெளியே வந்தும் ஓட்டுரிமை பறிக்கப்பட்ட லட்சக்கணக்கானோர் அந்த மாநிலத்தில் இருந்தார்கள். மறு எண்ணிக்கையை நிறுத்தியது உச்சநீதிமன்றம். பழி முழுவதையும் நேடர் தலையில் போடுவது, இவற்றையெல்லாம் மறைக்கும் வசதியான கதையாடல். ஆனாலும் 97,488இல் 537 என்பது அரை சதவீதத்தைச் சற்றே தாண்டும். அதைக் கண்டுகொள்ளாமல் போக முடியாது.

1844க்கும் 2000க்கும் என்ன வேறுபாடு? பர்னியின் ஓட்டுக்குப் பின்னால் தேர்தலுக்குத் தேர்தல் நின்ற ஒரு அமைப்பு இருந்தது. அது நான்கே ஆண்டில் பெருகியது, ஐந்தாம் ஆண்டில் சட்டசபையில் பேரம் பேசியது. நேடர் பசுமைக் கட்சியின் உறுப்பினரே அல்ல. 5 சதவீதம் வாங்கினால் கட்சிக்கு அரசு நிதி கிடைக்கும் என்றார்கள், வந்தது 2.7 சதவீதம். 2004இல் அந்தக் கட்சியின் வேட்பாளருக்கு 0.1 சதவீதம். போட்ட ஓட்டை வைத்து மறுநாள் காலையில் யாரோடும் பேச ஆளில்லை. இதற்கிடையில் 2003இல் ஈராக் போர். கோர் வந்திருந்தால் போர் வந்திருக்காது என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன். ஆனால் செத்தவர்கள் யாருக்கும் ஃப்ளோரிடாவில் ஓட்டில்லை.

மூன்று கேள்விகள்

ஆகவே 'மூணாவது ஆளுக்குப் போடலாமா' என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. ஆனால் அதை மூன்று கேள்விகளாக உடைக்கலாம். இந்த இடத்தில் வித்தியாசம் எவ்வளவு இருக்கும்? ஒரு கட்சி எப்படியும் லட்சக்கணக்கில் ஜெயிக்கும் மாநிலத்தில் மூன்றாவது ஓட்டால் யாருக்கும் நஷ்டமில்லை. தேர்தலுக்கு மறுநாள் இந்த ஓட்டைக் கையில் வைத்துக்கொண்டு பேரம் பேச அமைப்பு உண்டா? தப்பினால் விலை கொடுக்கப்போவது நாமா, வேறு யாருமா?

இதே எண்ணிக்கை முறை உள்ள நம் நாட்டில் சிறு கட்சிகள் பேரத்தைத் தேர்தலுக்கு முன்பே, தொகுதிப் பங்கீட்டிலேயே முடித்துக்கொள்கின்றன. அதில் ஒரு சங்கடம்: பெரிய கட்சியின் சின்னத்தில் நின்றுவிட்டால் தன் ஓட்டு எத்தனை என்பதே தெரியாமல் போய்விடும். நியூயார்க்கில் ஒரே வேட்பாளரை இரண்டு கட்சிகள் நிறுத்தலாம், எந்தக் கட்சியின் பெயரில் எத்தனை ஓட்டு என்று தனித்தனியே எண்ணுவார்கள். மெய்ன் மாநிலத்தில் 2018 முதல் நாடாளுமன்றத் தேர்தலில் வாக்காளர் 1, 2, 3 என்று வரிசை போடலாம்; முதல் விருப்பம் தோற்றால் ஓட்டு அடுத்தவருக்குப் போகும். ஆக 'வீண்' என்பது இயற்கை விதியல்ல, மாற்றக்கூடிய ஒரு சட்டத்தின் விளைவு.

மூன்றாவது கேள்விதான் என்னை உறுத்துகிறது. 1843இல் பஃபலோ நகரில் நடந்த லிபர்ட்டி கட்சி மாநாட்டு மேடையில் ஹென்றி ஹைலண்ட் கார்னெட் பேசினார். சிறுபிள்ளையாக இருக்கும்போது குடும்பத்தோடு அடிமைத்தனத்திலிருந்து தப்பி வந்தவர். அவருடைய நியூயார்க் மாநிலத்தில் கறுப்பர் ஓட்டுப் போட 250 டாலர் சொத்து வேண்டும். வெள்ளையருக்கு அது வேண்டியதில்லை. விலை கொடுக்கவேண்டிய மக்களிடமிருந்து வந்த ஒருவர் அங்கே நின்று, இந்த ஆபத்தை எடுக்கலாம் என்றார். பதின்மூன்று ஆண்டு கழித்து 1856இல் ஃப்ரெடரிக் டக்ளஸ், தானும் அடிமையாகப் பிறந்தவர், தூய ஒழிப்பாளர்களின் சிறு கட்சியை விட்டு, அடிமைமுறை பரவுவதை மட்டுமே எதிர்த்த ரிபப்ளிகன் வேட்பாளரை ஆதரித்து எழுதினார். இருவரும் எதிரெதிர் முடிவெடுத்தார்கள். நான் இருவரையும் நம்புகிறேன். கணக்குப் போட்டவர்களே கடனையும் அடைக்கவேண்டியவர்களாக இருந்தார்கள். நம் டீக்கடைச் சண்டையில் 'ரெண்டும் ஒண்ணுதான்' என்று சொல்கிற நண்பரிடமும், 'வீணாப் போயிரும்' என்று பயமுறுத்துகிற நண்பரிடமும் நான் கேட்க விரும்புவது இதைத்தான்: யாரைக் கேட்டுவிட்டு வந்து சொல்கிறீர்கள்?