குதிரையின் பின்னால் வந்த விகுதி

ஐரிஷ், வெல்ஷ், பிரெத்தோன் மொழிகளுக்குத் தாயான மூலக் கெல்டிக்கில் எழுதிய ஒரு வரிகூடக் கிடைத்ததில்லை. சுமார் மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன் பேசப்பட்ட அதை, மகள் மொழிகளை ஒப்பிட்டே அறிஞர்கள் மீட்டெடுக்கிறார்கள். 1853-இல் வெளிவந்த யோகான் காஸ்பர் சோய்ஸின் இலக்கண நூல் இந்த ஆய்வுக்கு அடித்தளம் போட்டது.

பழைய மொழி என்றாலே பலரும் வேர்ச்சொல்லைத் தேடி ஓடுகிறார்கள். சொற்களைப் பெருக்கிய விகுதிகளைத் திரும்பிப் பார்ப்பவர் குறைவு.

மூலக் கெல்டிக்கில் 'மார்கோஸ்' என்றால் குதிரை. அதன் ஈற்றிலுள்ள 'ஓஸ்' எழுவாய்க்கு உரியது. அதைக் கழற்றிவிட்டு 'ஆகோஸ்' சேர்த்தால் 'மார்காகோஸ்', குதிரை உடையவன், குதிரைவீரன். தமிழில் 'காரன்' செய்கிற வேலைதான். காலப்போக்கில் இந்த மூன்று மகள் மொழிகளிலும் கடைசி அசை உதிர்ந்தது. விகுதியின் முற்பகுதி மட்டும் தப்பியது. ஐரிஷில் 'மார்கஹ்', வெல்ஷில் 'மார்ஹோக்', பிரெத்தோனில் 'மார்ஹெக்'.

இதே விகுதி பிரான்ஸின் ஊர்ப் பெயர்களிலும் புகுந்திருப்பது பெரும் வியப்பு. ரோமானியர் ஆண்ட காலத்தில், நிலத்துக்குச் சொந்தக்காரரின் பெயரோடு அது ஒட்டிக்கொண்டது. அவுரேலியுஸின் பண்ணை 'அவுரேலியாகும்' ஆனது. தெற்கில் ககர ஒலி நிலைத்ததால் அப்பெயர் 'ஒரியாக்' ஆயிற்று. வடக்கில் ககரம் தேய்ந்து மறைய, அதே பெயர் 'ஓர்லி' ஆயிற்று. பாரிஸின் ஓர்லி விமான நிலையத்தில் இறங்குகிறவர்கள், கெல்டிக் விகுதியின் மிச்சம் ஒட்டிய பெயரைத்தான் பயணச்சீட்டில் வைத்திருக்கிறார்கள்.

குணத்தையும் நிலையையும் குறிக்க வேறு விகுதி இருந்தது. 'பிவோஸ்' என்றால் உயிருள்ளது. 'தூட்ஸ்' சேர்ந்தால் வாழ்வு. ஐரிஷின் 'பஹா', வெல்ஷின் 'பவிட்' இரண்டும் அதிலிருந்து வந்தவை. 'இஷ்கெ பஹா', அதாவது உயிர்நீர், என்ற ஐரிஷ் தொடரின் முதல் சொல்தான் ஆங்கிலத்தில் விஸ்கி ஆனது. தெய்வப் பெயர்களுக்கு 'ஒனா'. பிரான்ஸில் முன்பு பேசப்பட்ட கௌலிஷ் என்ற கெல்டிக் மொழியில் 'எபோஸ்' என்பதும் குதிரைதான். எபோனா குதிரைகளின் தெய்வம். ரோமானியக் குதிரைப்படையினரும் அவளை வணங்கினார்கள்.

'ஆகோஸ்' இன்னும் ஓயவில்லை. ஐரிஷ்காரர்கள் இந்தியரை 'இந்தியஹ்' என்று அழைப்பது அதன் துணையோடுதான்.

கெல்டிக் என்ற முத்திரையோடு மோதிரமும் இசையும் உலகெங்கும் விற்கின்றன. அந்த விகுதிகளை இன்றும் நாவில் வைத்திருக்கும் மக்களுக்கோ ஆதரவு போதவில்லை. பிரான்ஸில் பேசப்படும் பிரெத்தோனைக் கடும் அழிவு அபாயத்தில் உள்ள மொழி என்று யுனெஸ்கோ பட்டியலிட்டிருக்கிறது. அப்படியிருந்தும், வட்டார மொழிகளிலேயே பாடங்களை முழுக்க நடத்தும் முறை அரசியல் சாசனத்துக்கு முரணானது என 2021 மே மாதம் பிரெஞ்சு அரசியல் சாசன மன்றம் தீர்ப்பளித்தது. சாசனத்தைத் திருத்தியாவது பிரெத்தோன் குழந்தைகளுக்கு அந்த வகுப்பறையை பிரான்ஸ் உறுதிசெய்ய வேண்டும்.