பொட்டாசியம் குறையவில்லை, இதயம் தப்பியது

உங்கள் குடும்பத்தில் யாராவது வாரம் மூன்று முறை டயலிசிஸ் நிலையத்துக்குப் போய் வருகிறார்களா? அப்படியென்றால் வீட்டில் நடக்கும் சில வாக்குவாதங்கள் உங்களுக்குத் தெரிந்திருக்கும். இளநீர் கூடாது, வாழைப்பழம் கூடாது, டுரியான் பருவம் வந்தால் ஒரே ஒரு சுளைக்காகத் தாத்தாவுக்கும் பாட்டிக்கும் சண்டை. இனிப்புநீருக்காகத்தான் இந்தக் கட்டுப்பாடு என்று பலர் நினைக்கிறார்கள். அது மட்டும் காரணமில்லை. இவை எல்லாவற்றிலும் பொட்டாசியம் நிறைய இருக்கிறது.

நம் சிறுநீரகங்கள் மிஞ்சிய பொட்டாசியத்தைச் சிறுநீரோடு வெளியேற்றிவிடும். அவை செயலிழந்துவிட்டால், அடுத்த டயலிசிஸ் வரை அது இரத்தத்திலேயே சேர்ந்துகொண்டிருக்கும். பெருநாள் விடுமுறை, ஊர்ப் பயணம் என்று ஒருமுறை போகாமல் விட்டால் என்ன ஆகும்?

ஒரு லிட்டர் இரத்த நீரில் பொட்டாசியம் ஏறக்குறைய 3.5 முதல் 5 மில்லிமோல் வரை இருக்க வேண்டும். 6.5 ஐத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. சிலருக்குக் கால் துவளும், உடல் சோர்ந்துபோகும். சிலருக்கு எந்த அறிகுறியுமே இருக்காது. ஆனால் ஈசிஜி தாளில் கோடு மாறத் தொடங்கும். ஒவ்வொரு துடிப்பின் முடிவிலும் சிறு மேடாக வரும் 'டி' அலை, கூடாரம்போல் கூர்மையாக எழும். நிலைமை முற்றினால் அலைகள் அகன்று ஒன்றோடொன்று கலந்துவிடும். அதன் பிறகு இதயம் நின்றுபோகலாம்.

இப்படி ஒரு ஈசிஜியைப் பார்த்ததும் அவசரப் பிரிவு மருத்துவர் முதலில் கேட்பது எந்த மருந்தை? பொட்டாசியத்தை இறக்கும் மருந்தை என்றுதான் நாம் எதிர்பார்ப்போம். அவர் கேட்பதோ கால்சியம் குளுக்கோனேட் ஊசியை. தாதி அதை இரத்த நாளத்தின் வழியே சில நிமிடங்களில் மெதுவாகச் செலுத்துவார். மருந்து வேலை செய்தால் ஒன்று முதல் மூன்று நிமிடங்களில் ஈசிஜி சீராகத் தொடங்கும். உடனே மீண்டும் இரத்தம் எடுத்துச் சோதித்துப் பாருங்கள்: பொட்டாசியம் முன்பு இருந்த அளவிலேயே இருக்கும்!

இது எப்படி? ஓய்வில் இருக்கும் இதயத் தசைச் செல்லின் உட்புறம், வெளிப்புறத்தைவிட ஏறக்குறைய 90 மில்லிவோல்ட் எதிர்மின்னழுத்தத்தில் இருக்கும். அது -90 இலிருந்து சுமார் -70 க்கு உயர்ந்தால் சோடியம் கதவுகள் திறக்கும், துடிப்பு பிறக்கும். இந்த 20 மில்லிவோல்ட் இடைவெளிதான் பாதுகாப்பு. வெளியே பொட்டாசியம் கூடினால் ஓய்வு அழுத்தம் -90 இலிருந்து -80 ஐ நோக்கி ஏறிவிடும். இடைவெளி சுருங்கும். முதலில் செல் சிறு தூண்டலுக்கே பதறும். பிறகு சோடியம் கதவுகள் சரியாக மீள முடியாமல் முடங்கும்.

ஓர் அறையின் தரை உயர்ந்துகொண்டே போய்த் தலை கூரையில் இடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தரையை உடனே இறக்க வழியில்லை. கூரையைத் தூக்கலாம் அல்லவா? கால்சியம் செய்வது அதைத்தான். இரண்டு நேர்மின்னேற்றம் கொண்ட கால்சியம் அயனிகள் செல்சவ்வின் வெளிப்புறத்தில் ஒட்டிக்கொள்வதால், சோடியம் கதவுகள் திறக்கும் அளவே மேலே நகர்கிறது. இடைவெளி மீள்கிறது. இது பல காலமாகப் பாடநூல்கள் சொல்லும் விளக்கம். முடங்கிய சோடியம் கதவுகளுக்குப் பதிலாகக் கால்சியம் கதவுகள் வழியே மின்தூண்டல் பரவுவதுதான் உண்மைக் காரணம் என்று அண்மைய ஆய்வுகள் வாதிடுகின்றன. மருந்து வேலை செய்கிறது என்பது உறுதி. எப்படி என்பதில்தான் விவாதம். மருத்துவத்தில் இது புதுமையில்லை.

இதயத்துக்குக் கால்சியம் தேவை என்பதே தற்செயலாகத் தெரியவந்த செய்திதான். 1880களில் லண்டனில் சிட்னி ரிங்கர் என்ற மருத்துவர், தவளையின் இதயத்தை உப்புக் கரைசலில் துடிக்க வைத்துக்கொண்டிருந்தார். அந்தக் கரைசல் வடிநீரில் கலக்கப்படவில்லை, குழாய்த் தண்ணீரில் கலக்கப்பட்டது என்பது பிறகே தெரியவந்தது. சுத்தமான வடிநீரில் கலந்து பார்த்தார். துடிப்பு தளர்ந்து நின்றது. குழாய்த் தண்ணீரில் இருந்த சிறிதளவு கால்சியமே இதயத்தை ஓட்டியிருக்கிறது! 1883 இல் அவர் இதை வெளியிட்டார். பொட்டாசியமும் கால்சியமும் இதயத்தில் ஒன்றையொன்று எதிர்க்கின்றன என்பதையும் கவனித்தார். மருத்துவமனையில் டிரிப்ஸாக ஏற்றும் 'ரிங்கர் லாக்டேட்' பையில் இன்றும் அவர் பெயர் இருக்கிறது.

அப்படியானால் பால் குடித்தால் போதாதா? 10 விழுக்காட்டுக் கால்சியம் குளுக்கோனேட் 10 மில்லிலிட்டரில் ஏறக்குறைய 90 மில்லிகிராம் கால்சியம்தான் இருக்கிறது. ஒரு குவளைப் பாலில் அதைப்போல் மூன்று மடங்கு உண்டு. ஆனால் குடலிலிருந்து அது இரத்தத்தில் சேரப் பல மணி நேரம் ஆகும். இரத்தத்தின் அளவு உயராமல் உடலும் பார்த்துக்கொள்ளும். ஊசியின் சிறப்பு வேகம்தான். ஆபத்தும் அங்கேதான். மிக வேகமாகச் செலுத்தினால் இதயத் துடிப்பு குறையலாம். நாளத்துக்கு வெளியே கசிந்தால் திசு வெந்ததுபோல் அழுகும். சோடியம் பைகார்பனேட் போகும் அதே குழாயில் விட்டால் இரண்டும் சேர்ந்து கால்சியம் கார்பனேட்டாக, அதாவது சுண்ணக்கட்டித் தூளாக, குழாயிலேயே படியும். நீங்கள் வேதியியல் ஆய்வகத்தில் பார்க்கும் வீழ்படிவுதான்.

இன்னொன்று: கால்சியத்தின் காவல் 30 முதல் 60 நிமிடங்கள் மட்டுமே. அதற்குள் உண்மையான வேலை நடக்க வேண்டும். இன்சுலினும் குளுக்கோசும் சேர்த்துக் கொடுத்தால் பொட்டாசியம் இரத்தத்திலிருந்து செல்களுக்குள் போகும். ஆஸ்துமாக்காரர்கள் உள்ளிழுக்கும் சால்பியூட்டமாலும் அதற்கு உதவும். இவையும் தற்காலிகமே, பொட்டாசியம் இடம் மாறியிருக்கிறது, உடலை விட்டுப் போகவில்லை. சிறுநீரகம் செயலிழந்தவருக்கு அதை வெளியே எடுக்க டயலிசிஸ்தான் முக்கிய வழி.

இவ்வளவு வல்லமை உள்ள மருந்தை, நின்றுபோன இதயம் எல்லாவற்றுக்கும் கொடுத்தால் என்ன? டென்மார்க்கில் அதையும் சோதித்தார்கள். மருத்துவமனைக்கு வெளியே இதயம் நின்றுபோன 391 பேரில் ஒரு பாதிக்குக் கால்சியமும் மறுபாதிக்கு வெறும் உப்புநீரும் கொடுத்தார்கள். 2021 இல் முடிவு வந்தது. உப்புநீர் பெற்றவர்களில் 27 விழுக்காட்டினருக்கு இதயம் மீண்டும் துடித்தது. கால்சியம் பெற்றவர்களில் 19 விழுக்காட்டினருக்கே. இந்த வேறுபாடு தற்செயலாகவும் இருக்கலாம். ஆனாலும் தீங்கு நேருமோ என்ற அச்சத்தில் ஆய்வை முன்கூட்டியே நிறுத்திவிட்டார்கள். ஆகவே எல்லாருக்கும் கண்ணை மூடிக்கொண்டு கால்சியம் கொடுப்பதில்லை. பொட்டாசியம் ஏறியவர், இரத்தத்தில் கால்சியம் குறைந்தவர் போன்ற சிலருக்கே அது உதவும்.

அந்தச் சிலரில் ஒருவர் இவர் என்று மருத்துவருக்கு எப்படித் தெரியும்? ஈசிஜி சொல்லும், இரத்தச் சோதனை சொல்லும். அவற்றுக்கு முன்பே நீங்களும் சொல்லலாம். தாத்தா தளர்ந்து விழுந்து, ஆம்புலன்ஸ் வந்தால், அவருக்கு டயலிசிஸ் நடக்கிறது என்பதையும் கடைசியாக எந்தக் கிழமை போனார் என்பதையும் உடனே சொல்லிவிடுங்கள். சாப்பிட்ட டுரியான் சுளைகளையும் மறைக்க வேண்டாம்.